வாயால சொல்லு

அம்மாவின் நினைவுக் கூட்டத்தில் யார் பேசுவது என்பதில்தான் தகராறுக்கு வித்து விழுந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து புதுத் தலைமையாசிரியை ஃபோன் செய்து, குடும்பத்தின் சார்பில் ஒருவர் பேசினால் நன்றாக இருக்கும் என்றார். அண்ணன் யோசிக்கவே இல்லை. "குட்டி பேசட்டும்" என்று சொல்லிவிட்டான். பிறகு என்னிடம், "அம்மா என்ன சாதிச்சாங்கன்னு கேட்டா அவளைத்தானே காட்டணும். காது கேக்காத பொண்ணு மேடையேறி வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினா போதாதா?" என்றான்.

குட்டி எங்கள் தங்கை. அண்ணன் மூத்தவன், நான் நடு, அவள் கடைக்குட்டி. நாற்பதைத் தாண்டிய பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. பிறவியிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது.

அம்மா முதலில் சாதாரணப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். குட்டி தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், காற்றில் கதவு படாரென்று அறைந்தபோது அவள் திரும்பிப் பார்க்கவில்லை என்பதை அப்பாதான் கவனித்தார். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அம்மா உட்கார்ந்து அழுததாக எனக்கு ஞாபகம் இல்லை. வேலையை விட்டாள். எங்கள் இரண்டு பேரையும் அப்பா தலையில் கட்டிவிட்டு, குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பயிற்சிக்காக வெளியூர் போனாள். திரும்பி வந்து அந்தப் பிள்ளைகளுக்கான பள்ளியிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். பிறகு அதன் தலைமையாசிரியை ஆனாள். ஓய்வு பெறும்வரை பள்ளி வளாகத்துக்குள் இருந்த வீட்டில்தான் குடியிருந்தோம். ஊருக்கே அவள் 'பெரிய டீச்சர்'.

அப்பா, அம்மா என்று கண்ணாடி முன்னால் நின்று சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தால் தெரியும். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். காது கேட்காத குழந்தைக்கு அந்த இரண்டு வார்த்தையும் ஒன்றுதான். அம்மா குழந்தையின் விரலைப் பிடித்துத் தன் மூக்கின் பக்கவாட்டில் வைத்து 'ம்' என்பாள். மூக்கு அதிரும். பிறகு அதே விரலைக் குழந்தையின் மூக்கில் வைத்து, அது அதிரும்வரை விடமாட்டாள். ஒரு எழுத்துக்கு ஒரு மாதம் ஆனாலும் சரி. இப்படி நூற்றுக்கணக்கான பிள்ளைகளை அவள் பேசவைத்தாள். சிலர் நன்றாகப் பேசினார்கள். சிலருடைய பேச்சு வீட்டுக்காரர்களுக்கு மட்டும் புரிந்தது. சிலருக்குக் கடைசிவரை வரவே இல்லை.

அவளிடம் ஒரே ஒரு சட்டம்தான். கை கூடாது. கையால் பேசப் பழகிவிட்டால் வாய் திறக்காது, வாய் திறக்காவிட்டால் உலகம் இவர்களை ஓரங்கட்டிவிடும் என்பாள். வகுப்பில் பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். ஆனால் விடுதியில், கூரைக்குக் கீழே, அவர்களுக்கென்று ஒரு கைப்பேச்சு தானாக வளர்ந்திருந்தது. விடுதிக் குழாய் எப்போதும் ஒழுகும். அதனால் தண்ணீருக்கு அவர்கள் முஷ்டியைக் குப்புறப் பிடித்துச் சுண்டுவிரலை மட்டும் கீழே நீட்டி ஆட்டுவார்கள். வலி என்றால் மணிக்கட்டை இரண்டு முறை கிள்ளிக்கொள்வார்கள். அம்மாவுக்கும் பெயர் வைத்திருந்தார்கள். மூக்கின் பக்கத்தில் ஒரு விரல். அம்மா தூரத்தில் வந்தாலே அந்த விரல் மூக்குக்குப் போகும், எல்லாக் கையும் முதுகுக்குப் பின்னால் போய்விடும். இதெல்லாம் பின்னாளில் குட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மாவுக்கு இது ஒன்றும் புரியாது என்றே பிள்ளைகள் நினைத்தார்கள்.

வீட்டிலும் அவள் சொன்னால் சொன்னதுதான். நாங்கள் என்ன படிப்பது, யாரைக் கட்டிக்கொள்வது, அண்ணன் எந்த வேலையை விடக்கூடாது, எல்லாம் அவள்தான். சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் குட்டிக்கு முகம் தெரியும்படி உட்கார்ந்து, உதட்டை நன்றாக அசைத்துப் பேச வேண்டும். அப்பாவுக்கு அதே பழக்கமாகி, மளிகைக் கடைக்காரரிடம்கூட "அரைக்... கிலோ... சர்க்கரை" என்று வாயைக் கோணிக் கேட்பார். "என்னையும் சேத்து அவ ஸ்கூல்ல போட்டுட்டா" என்பார். பாவம், சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். குட்டிக்கு எட்டு வயது இருக்கும். ஒரு மாலை அவள் சாப்பிட உட்காராமல், அம்மாவைப் பார்த்து மணிக்கட்டைக் கிள்ளிக் கிள்ளிக் காட்டினாள். அம்மா, "கையை எடு. வாயால சொல்லு" என்றாள். குட்டி 'வ... வ...' என்று முயன்றாள். வார்த்தை வரவில்லை. திரும்பவும் கிள்ளினாள். "வாயால சொல்லு." ஏதோ அடம்பிடிக்கிறாள் என்று நான் நினைத்தேன். கடைசியில் அவள் சாப்பிடாமலே போய்ப் படுத்துக்கொண்டாள். விடிந்தபோது உடம்பு அனலாகக் கொதித்தது. குடல்வால் வெடித்திருந்தது. ஆபரேஷன் செய்து பிழைக்கவைத்தார்கள். ஆஸ்பத்திரி வராண்டாவில் அம்மா அப்பாவின் தோளில் தலையை வைத்துக்கொண்டு, "எனக்குப் புரியலைங்க. என்ன சொல்றான்னு எனக்குப் புரியலை" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

குட்டி வளர்ந்து, ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலைக்குப் போனாள். அங்கே மெஷின் ஓட்டுகிறவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவருக்கும் காது கேட்காது. அவர் வாயால் பேசவே மாட்டார், கைதான். அம்மா அந்தக் கல்யாணத்தை ஒப்புக்கொள்ளவே நாளாயிற்று. ஒப்புக்கொண்ட பிறகும், அவர்கள் வீட்டுக்குப் போனால் அவர் கையைத் தூக்கியதும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் போய்க் கைப்பேச்சு பழகினேன். அண்ணன் பழகவில்லை. அவனுக்கு ஆபீஸ் வேலை தலைக்கு மேல்.

அம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப்போனது. தொண்டைக்குள் குழாய் போட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். குரல் போய்விட்டது. வாயைச் சுற்றி பிளாஸ்திரி ஒட்டியிருந்ததால் உதட்டசைவும் தெரியாது. குட்டி லீவு போட்டுவிட்டு அங்கேயே கிடந்தாள். ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் உள்ளே விட்டார்கள். நான் மதியத்தில் போய் அவளை மாற்றிவிடுவேன்; அந்நேரம் அம்மா மருந்து மயக்கத்தில் கிடப்பாள். அண்ணன் தினமும் காலையில் ஆபீஸ் போகும் வழியில் வந்து, நின்றபடியே டாக்டரிடம் பேசிவிட்டு, அம்மாவின் நெற்றியைத் தொட்டுவிட்டுப் போவான். சில வாரங்கள் இழுத்துக்கொண்டு கிடந்தாள். அப்புறம் ஒரு மத்தியானம் முடிந்துபோனது.

கூட்டத்துக்கு முன்தினம் அண்ணன் பேச்சை டைப் அடித்துக் குட்டியிடம் கொடுத்தான். கஷ்டமான வார்த்தைகள் எதுவும் வராமல் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தான். அவள் அதைப் படித்தாள், மடித்துப் பையில் வைத்தாள். அவன் திருப்தியாகிவிட்டான்.

பள்ளிக்கூட ஹாலில் மின்விசிறிகளுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் நிர்வாகக் குழுக்காரர்கள், பழைய டீச்சர்கள், பெற்றோர்கள். மறுபக்கம் முழுக்க அம்மாவிடம் படித்தவர்கள். நரை விழுந்தவர்கள், குழந்தையோடு வந்த பெண்கள், யூனிஃபார்மோடு வேலையிலிருந்து நேராக வந்த ஒரு டிரைவர். அந்தப் பக்கம் கைகள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. கட்டப்போகும் புது வகுப்பறைகளுக்கு அம்மாவின் பெயரை வைப்பதாகக் குழுத் தலைவர் அறிவித்தார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு குட்டியைக் கூப்பிட்டார்கள்.

அவள் மேடையேறினாள். பையைத் திறக்கவில்லை. மைக்கை ஒரு ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கையால் கேட்டாள்: "அக்கா, நீ வந்து எனக்காகக் குரல் கொடு."

முதல் வரிசையில் அண்ணன் என் முழங்கையைப் பிடித்தான். "என்ன பண்றா அவ? வாயால பேசச் சொல்லு."

"நான் சொல்லி அவ கேப்பாளா?" என்று எழுந்து போனேன்.

மைக்கைக் கையில் எடுத்ததும்தான் என் நிலைமை எனக்கு உறைத்தது. ஹாலில் பாதிப் பேருக்கு அவள் கை புரியும், என் குரல் கேட்காது. மீதிப் பேருக்கு என் குரல் கேட்கும், அவள் கை புரியாது. நடுவில் இரண்டும் தெரிந்தவள் நான் ஒருத்தி. நான் என்ன சொன்னாலும் கண்டுபிடிக்க ஆளில்லை.

குட்டி ஆரம்பித்தாள். நான் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"எங்க அம்மா எனக்குப் பேச்சு சொல்லிக்கொடுத்தாங்க. பஸ்ல டிக்கெட் கேக்கறேன், டாக்டர்கிட்ட பேசறேன். அதுக்கு அவங்கதான் காரணம். அதை நான் மறக்கலை. ஆனா அம்மாகிட்ட நான் நிஜமா பேசினது ஆஸ்பத்திரியிலதான். ஒரு நாள் அவங்க கையைத் தூக்கி, இப்படிக் காட்டினாங்க."

முஷ்டியைக் குப்புறப் பிடித்துச் சுண்டுவிரலை ஆட்டினாள். மாணவர்கள் பக்கத்தில் ஒரே சலசலப்பு. சிலர் எழுந்தே நின்றுவிட்டார்கள். இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு நான் விளக்கம் சொன்னேன், அது விடுதிப் பிள்ளைகளின் தண்ணீர் என்று. அம்மா அதைக் காட்டினாள் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். அவள் என்னிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

"பஞ்சை நனைச்சு உதட்டுல வெச்சேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம் தினமும் கையால பேசினோம். வீட்டுல கேஸை மூடினியா, அண்ணன் சாப்பிட்டானா, அக்காவுக்கு முட்டிவலி தேவலையா, எல்லாம் கேட்டாங்க. நாங்க விடுதியில பேசின அத்தனையும் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அவங்களுக்கு நாங்க வெச்ச பேரு உட்பட."

மாணவர்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. ஒருவர் மூக்கில் விரலை வைத்துக் காட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதோடு நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். நிறுத்தியிருந்தால் எல்லோரும் மனம் நிறைந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அவள் தன் மணிக்கட்டைக் கிள்ளினாள்.

"ரெண்டு மூணு நாள் கழிச்சு அம்மா இப்படிக் கிள்ளிக் காட்டினாங்க. வலிக்குதாம். எட்டு வயசுல நானும் இப்படித்தான் கிள்ளினேன். குடல்வால் வெடிக்கிற வரைக்கும் கிள்ளினேன். அன்னிக்கு எனக்குப் புரியலைன்னு அம்மா சொன்னாங்க. இத்தனை வருஷமா நானும் அதை நம்பினேன். அவங்களுக்குப் புரிஞ்சிருக்கு. புரிஞ்சுதான் வாயால சொல்லச் சொன்னாங்க."

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. அண்ணன் முன்வரிசையிலிருந்து எனக்குக் கண்ணால் ஜாடை காட்டினான். போதும், முடி.

குட்டியின் கைகள் மெதுவாயின. நான் அவள் சொன்னதைப் பார்த்தேன். பார்த்ததைச் சொல்ல வாய் வரவில்லை. "உடனே ஓடிப்போய் நர்ஸைக் கூப்பிட்டேன்" என்றேன்.

குட்டி கையை நிறுத்திவிட்டாள். அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். உதடு படிப்பதில் அம்மாவின் மாணவர்களிலேயே அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

"இல்லை" என்றாள், வாயால். மைக் இல்லாமலே ஹால் முழுக்கக் கேட்டது. அவளுடைய குரல் கனமானது, ஏற்ற இறக்கம் இருக்காது. "கூப்பிடலை. முழுசா சொல்லு, அக்கா."

நான் சொன்னேன்.

"நான் நர்ஸைக் கூப்பிடலை. கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு, அம்மாவோட கண்ணைப் பார்த்து, வாயால சொல்லுங்கன்னு சொன்னேன். தொண்டையில குழாய் இருக்கிறவங்ககிட்ட. அவங்க திரும்பக் கிள்ளினாங்க. நான் திரும்பவும் அதையே சொன்னேன். அப்புறம்தான் ஓடிப்போய்க் கூப்பிட்டேன். ஊசி போட்டாங்க. மறுநாள் அம்மாகிட்ட, ஏன் அப்படிப் பண்ணீங்கன்னு கேட்டேன். அவங்க முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. நான் செஞ்சதுக்கு நானும் மன்னிப்புக் கேக்கலை. அதுக்குள்ள போயிட்டாங்க. நல்லதை மட்டும்தான் பேசணும்னா நான் இந்த மேடையில ஏறியிருக்கக் கூடாது. எங்க அம்மாவைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது இதுதான்."

கீழே இறங்கி வந்து தன் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். யாரும் கை தட்டவில்லை. என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

மாணவர்கள் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுந்தாள். வங்கியில் வேலை பார்க்கிறவள், குட்டியோடு ஒரே வகுப்பில் படித்தவள். கையைத் தொங்கவிட்டபடி, குட்டியை நேராகப் பார்த்து, வாயால் பேசினாள். ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

"எங்க வீட்டுல என்னை மாட்டுக் கொட்டகையில விட்டிருந்தாங்க. டீச்சர்தான் வந்து கூட்டிட்டுப் போனாங்க. டீச்சர் அவ்வளவு கண்டிப்பா இருக்கலேன்னா நான் இன்னிக்கும் அங்கதான். உனக்கு அவங்க அம்மா. நீ கோபப்படலாம். எனக்கு அந்த உரிமை வேண்டாம்."

அதற்குப் பின்வரிசையில் இருந்த ஒருவர் கையால் பதில் சொன்னார். அவர் கடைசிவரை பேச்சு வராதவர்களில் ஒருவர். "பத்து வருஷம் கையைக் கட்டி உட்கார்ந்தேன். ஒரு பாடமும் புரியலை. எனக்குக் கோபம் உண்டு" என்றார். நான் அதையும் மைக்கில் சொன்னேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. பிறகு வரிசை வரிசையாகக் கைகள் எழுந்தன, ஒருவரையொருவர் மறித்துக்கொண்டு. என்னால் பின்தொடர முடியவில்லை. தலைமையாசிரியை டீ வந்துவிட்டதாக அறிவித்துக் கூட்டத்தை முடித்தார்.

வராண்டாவில் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டான். குட்டியிடம் அவன் போகவில்லை.

"செத்தவங்க எழுந்து வந்து பதில் சொல்ல முடியாதுங்கிற தைரியம். ஊரே கும்பிடற மனுஷி. அவங்களைக் கூண்டுல ஏத்திட்டீங்க ரெண்டு பேருமா."

"நான் அவ சொன்னதைத்தான் சொன்னேண்ணா."

"உனக்கு வாய் இருக்குல்ல? மாத்திச் சொன்னா என்ன?"

"மாத்தித்தான் சொன்னேன். பார்த்தியே என்ன ஆச்சுன்னு."

அவன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். டீகூடக் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு பல வாரம் அவனிடமிருந்து ஃபோன் இல்லை. அம்மாவின் வீட்டைக் காலி செய்ய நானும் குட்டியும்தான் போனோம். அவள் வேலையில் மும்முரமாக இருந்தாள், அதிகம் பேசவில்லை. ஒருமுறை மட்டும் நான், "அத்தனை பேர் முன்னாடி உன்னையே ஏன் அப்படிக் காட்டிக்கிட்டே?" என்று கேட்டேன். அவள் அட்டைப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அம்மாவை மட்டும் சொன்னா அது கோள் மூட்டறது" என்றாள். பிறகு பெட்டிக்குக் கயிறு கட்டப் போய்விட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் குட்டியின் வீட்டில் இருந்தபோது கதவுக்கு மேலே இருந்த விளக்கு மினுக்கியது. அவர்கள் வீட்டு அழைப்புமணி அதுதான். அவள் வீட்டுக்காரர் போய்த் திறந்தார். அண்ணன் நின்றுகொண்டிருந்தான். ஷேவ் செய்யாமல், கையில் எதுவும் இல்லாமல். மன்னிப்புக் கேட்க வந்தானா, மறுபடி சண்டைக்கு வந்தானா என்று எனக்குத் தெரியவில்லை. குட்டிக்கும் தெரியவில்லை. நாற்காலியை நகர்த்திப் போட்டாள். அவன் உட்காரவில்லை.

"அவகிட்ட ஒண்ணு கேக்கணும். நீ சொல்லு" என்றான் என்னிடம்.

"அவ உன் உதட்டைப் பார்த்தே புரிஞ்சுக்குவா. நேராவே கேளு."

அவன் குட்டியைப் பார்த்தான். சின்ன வயதில் சாப்பாட்டு மேஜையில் பேசியது போல் வாயை நன்றாகத் திறந்து பேசினான்.

"ஆஸ்பத்திரியில, ஒரு நாள் காலையில, அம்மா என்னைப் பார்த்தும் கையை ஆட்டினாங்க. ரெண்டு மூணு தடவை. குளிருதுபோலனு நினைச்சுப் போர்வையை இழுத்துப் போத்திவிட்டேன். திரும்பவும் கையை வெளியே எடுத்தாங்க. நான் திரும்பவும் உள்ளே வெச்சுப் போத்தினேன். ஆபீசுக்கு நேரமாச்சுன்னு போயிட்டேன்." குட்டியின் கையைப் பார்த்தான். "என்ன சொன்னாங்க?"

"எப்படி ஆட்டினாங்க?" குட்டி கையால் கேட்டாள். நான் சொன்னேன்.

அவன் வலது கையைத் தூக்கி ஏதோ அசைத்தான். "இப்படி. இல்லை, விரல் மடங்கியிருந்துச்சு." முஷ்டியாக்கினான். பிறகு விரித்தான். பக்கவாட்டில் ஆட்டினான், மேலும் கீழும் ஆட்டினான். குட்டி முன்னால் குனிந்து, அவன் விரல்களையே உற்றுப் பார்த்தாள். அவள் வீட்டுக்காரரும் எழுந்து வந்து பார்த்தார்.

"இது 'யாரு'. இது 'போதும்'. இப்படியிருந்தா 'நாளைக்கு'" என்று குட்டி கையால் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் குரல் கொடுத்தேன். "சுண்டுவிரல் நீட்டியிருந்ததா?"

"தெரியலை."

"உள்ளங்கை உங்களைப் பார்த்து இருந்ததா, அவங்களைப் பார்த்தா?"

"தெரியலைம்மா. நான் கையைப் பார்க்கலை. முகத்தைத்தான் பார்த்தேன்."

அவன் திரும்பத் திரும்ப அதையே செய்துகொண்டிருந்தான், இடது கையால் ஒருமுறை, வலது கையால் ஒருமுறை. தலையில் நரை ஏறிய மனுஷன், பெரிய ஆபீஸில் அதிகாரி, நடு அறையில் நின்று ஒன்றுமே அர்த்தமாகாத ஒரு கையை ஆட்டிக்கொண்டிருந்தான். குட்டி ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். தண்ணீர் கேட்டாங்க என்றோ, போய்ட்டு வா என்றோ. சொன்னால் அவன் நம்பியிருப்பான். அவள் முகத்தைப் பார்த்து நான் அதை எதிர்பார்த்தேன்.

அவள் எழுந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து, கையைக் கீழே இறக்கினாள்.

"எனக்குத் தெரியலைண்ணா" என்றாள், வாயால்.

அவன் தலையாட்டினான். அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் வீட்டுக்காரர் உள்ளே போய்ப் பாலை அடுப்பில் வைத்தார். டீ வரும்வரை யாரும் எதுவும் பேசவில்லை, வாயாலும் சரி, கையாலும் சரி.